2147483647: கணினியின் எல்லையில் நிற்கும் பகா எண்

2,14,74,83,647. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஏழு. நிரல் எழுதுகிறவர்களில் பலருக்கு இந்த எண் மனப்பாடம். கழித்தல் எண்களுக்கும் இடம் விட்டு 32 பிட்டில் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1 கொள்ளும் ஓர் இடம்) ஒரு முழு எண்ணைச் சேமித்தால், அதில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். ஏறிக்கொண்டே போன ஒரு கணக்கு திடீரென்று கழித்தல் குறியோடு வந்து நின்றால், அனுபவசாலிகள் முதலில் சந்தேகப்படுவது இந்த எல்லையைத்தான்.

கணினி என்ற ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பே கணிதக்காரர்கள் இதை அறிந்திருந்தார்கள். அவர்கள் பார்வையில் இது எல்லை அல்ல, பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதது. அதிலும் இது 2³¹ − 1; இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்களான மெர்சென் பகா எண்கள் என்ற சிறு கூட்டத்தின் எட்டாவது உறுப்பினர்.

இந்த இரண்டு அடையாளங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். எல்லையாக இருப்பது மனிதர்கள் வசதிக்காகச் செய்த ஏற்பாடு. பகா எண்ணாக இருப்பது அந்த எண்ணின் இயல்பு, அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று வராது. அப்படியும் இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தன. அந்தச் சந்திப்பால் கணினிகளுக்கு உண்மையான பயன் கிடைத்தது.

முதலில் எண்ணின் உருவத்தைப் பார்ப்போம். இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், வேறு எதுவும் கிடையாது. இப்படி ஒன்றுகளால் மட்டுமே ஆன எண்களை 2ⁿ − 1 என்று எழுதலாம். இவற்றில் எவை பகா எண்கள் என்பது பழைய கேள்வி. அதன் முதல் படியை இரும வடிவமே கண்ணுக்குக் காட்டிவிடும். 2¹⁵ − 1 என்பது பதினைந்து ஒன்றுகள். அவற்றை மூன்று மூன்றாகப் பிரித்து 111 111 111 111 111 என்று எழுதிப் பாருங்கள். இது 111-ஆல், அதாவது 7-ஆல், வகுபடும் என்று எந்தக் கணக்கும் போடாமலே தெரிகிறது. ஐந்தைந்தாகப் பிரித்தால் 31-ஆலும் வகுபடும். ஆகவே n பகு எண் என்றால் 2ⁿ − 1 கட்டாயம் பகு எண். அது பகா எண்ணாக வேண்டுமானால் அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும்.

ஆனால் அது மட்டும் போதாது. 11 ஒரு பகா எண்; 2¹¹ − 1 = 2047 பகா எண் அல்ல. 23 × 89 என்று உடைந்துவிடுகிறது. எந்தப் பகா அடுக்கு தேறும், எது தேறாது என்பதற்கு எளிய விதி இன்றுவரை கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தே தீர வேண்டும்.

இத்தாலியின் பியெத்ரோ கதால்டி 1588-இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று உறுதி செய்தார். 750 வரையிலான பகா எண்களை அட்டவணையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார். அந்த அளவு போதும், ஏனென்றால் 2¹⁹ − 1-இன் வர்க்கமூலம் 724 சொச்சம்தான். ஓர் எண் பகு எண் என்றால் அதன் ஒரு காரணியாவது வர்க்கமூலத்துக்குள் இருக்க வேண்டும். அப்புறம் அவர் 23, 29, 31, 37 என்ற அடுக்குகளும் பகா எண் தரும் என்று எழுதினார். இதில் 31 மட்டும்தான் சரி. 23, 37 என்ற அடுக்குகள் தரும் எண்களைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640-இல் காரணிகளாக உடைத்தார், 29 தரும் எண்ணைச் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் 1738-இல் உடைத்தார். பாரிஸில் வாழ்ந்த துறவி மாரென் மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் 31 இருந்தது. ஆனால் அதிலும் 67, 257 என்று இரண்டு தவறான சேர்க்கைகள் உண்டு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டிருந்தன. ஆக, ஊகங்களில் 31 இடம்பெற்றது என்பதால் ஒன்றும் நிரூபணமாகிவிடவில்லை.

நிரூபணம் ஆய்லருடையது. 1772-இல் வெளியான ஒரு கடிதத்தில், பெர்னூலி குடும்பத்துக் கணித அறிஞர் ஒருவருக்கு அவர் இதைத் தெரிவித்தார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. நேரடி வழியில் போனால் வேலை எவ்வளவு என்று பாருங்கள். 2147483647-இன் வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதற்குள் ஏறக்குறைய 4,800 பகா எண்கள் இருக்கின்றன. பத்து இலக்க எண் ஒன்றை அத்தனையாலும் கையால் வகுக்க வேண்டும். எங்காவது ஒரு மீதி தப்பினாலும் நிரூபணம் போச்சு.

ஆய்லர் அத்தனையையும் செய்யவில்லை. எந்த எண்கள் காரணியாக வரவே முடியாது என்று முதலில் யோசித்தார். இந்த இடம்தான் எனக்கு இந்த எண்ணின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்தது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

p என்ற பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ p-ஆல் வகுத்தால் மீதி 1. அதாவது 2, 4, 8, 16 என்று அடுக்குகளை p-ஆல் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், 31-ஆவது படியில் 1 வந்து, அதன்பின் அதே வரிசை திரும்பும். 31 பகா எண் என்பதால் அதைவிடக் குட்டையான சுழற்சிக்கு வழியில்லை. ஃபெர்மாவின் தேற்றமோ p − 1 படியிலும் மீதி 1 வந்தாக வேண்டும் என்கிறது. ஆகவே p − 1 என்பது 31-இன் மடங்கு. p ஒற்றைப்படை என்பதால் p − 1 இரட்டைப்படையும்கூட. எனவே p − 1 என்பது 62-இன் மடங்கு. 2047-ஐ வைத்து இதைச் சரிபார்க்கலாம். அங்கே அடுக்கு 11, காரணிகள் 22-இன் மடங்கோடு 1 கூட்டியதாக வர வேண்டும். 23 = 22 + 1, 89 = 88 + 1. சரியாக வருகிறது.

இன்னொரு சல்லடையும் உண்டு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆக p-ஆல் வகுக்கும்போது 2 மீதியாக வரும் ஒரு வர்க்கம் இருக்கிறது. அது நடக்க வேண்டுமானால் p-ஐ 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், p என்பது 248k + 1 அல்லது 248k + 63 என்ற உருவத்தில்தான் இருக்க முடியும்.

46,340-க்குள் இந்த உருவத்தில் வரும் எண்கள், பகு எண்களையும் சேர்த்து, நானூறுகூடத் தேறாது. அவற்றில் பகா எண்களை மட்டும் எடுத்தால் எண்பதைச் சுற்றித்தான். கிட்டத்தட்ட 4,800 வகுத்தல் எண்பதாகச் சுருங்கிவிட்டது! முதல் சிலவற்றைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். வரிசையில் முதலில் வருவது 311. 311 × 6905092 = 2147483612, மீதி 35. அடுத்து 1303, மீதி 226. அடுத்து 1489, மீதி 199. இப்படியே போனால் கடைசிவரை மீதி பூஜ்யம் ஆவதில்லை. ஆகவே 2147483647 பகா எண்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மனிதர்களுக்கு உறுதியாகத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் என்ற இடத்தில் இது இருந்தது. இதோடு ஒட்டிப் பிறந்தது ஒரு நிறைவு எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளையெல்லாம் கூட்டினால் தானே திரும்ப வரும் எண்ணை நிறைவு எண் என்கிறோம். 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14. 2ⁿ − 1 பகா எண் என்றால் அதை 2ⁿ⁻¹-ஆல் பெருக்கினால் நிறைவு எண் கிடைக்கும் என்று யூக்ளிட் காட்டியிருந்தார். இரட்டைப்படை நிறைவு எண்கள் எல்லாமே இந்த வழியில் வந்தவைதான் என்று பின்னர் ஆய்லர் நிறுவினார். நம் எண் தரும் நிறைவு எண் 2305843008139952128. 1 முதல் 2147483647 வரை எல்லா எண்களையும் கூட்டினாலும் இதே விடைதான் வரும்; அந்த வகையில் இது ஒரு முக்கோண எண்ணும்கூட.

ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ 1811-இல் இந்த நிறைவு எண்ணைப் பற்றி எழுதியபோது, இதைவிடப் பெரியது இனி எப்போதும் கண்டுபிடிக்கப்படாது என்றார். இவை ஆர்வத்துக்கு உரியவையே தவிரப் பயன் எதுவும் இல்லாதவை, அதனால் இதைத் தாண்டிப் போக யாரும் முயல மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். 1876-லேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டிவிட்டார். அது 39 இலக்க எண், வகுத்துப் பார்க்கும் வழியில் அதை நெருங்கவே முடியாது. லூக்கா வகுக்கவில்லை. அவருடைய முறையை அமெரிக்கக் கணித அறிஞர் லேமர் பின்னர் செம்மைப்படுத்திய வடிவம் வியப்பூட்டும் அளவுக்கு எளிது. 4-இல் தொடங்கு, வர்க்கப்படுத்தி 2 கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள், திரும்பச் செய். 2⁷ − 1 = 127-க்குப் போட்டுப் பார்த்தால் 4, 14, 67, 42, 111, 0. ஐந்தே படியில் பூஜ்யம் வந்துவிட்டது, ஆகவே 127 பகா எண். அடுக்கு p என்றால் p − 2 படிகள். நம் எண்ணுக்கு 29 படிகள் போதும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களைத் தாண்டிய 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணை உறுதிசெய்ததிலும் இந்தச் சோதனைக்குப் பங்கு உண்டு.

வகைப்பாட்டில் மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகா எண்களைச் சிறியதிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் இது 10,50,97,565-ஆவது. இரட்டைப் பகா எண் ஜோடி எதிலும் இது இல்லை, ஏனென்றால் இரண்டு குறைத்தால் 5-ஆல் வகுபடுகிறது, இரண்டு கூட்டினால் 3-ஆல் வகுபடுகிறது. இருமடங்காக்கி 1 கூட்டினால் 5-இன் மடங்கு, ஆகவே சோஃபி ஜெர்மைன் பகா எண்ணும் அல்ல. 8-ஆல் வகுத்தால் மீதி 7. அப்படிப்பட்ட எண்ணை மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது, நான்கு வர்க்கங்கள் வேண்டும். ஓர் அபூர்வத் தகுதியும் இதற்கு உண்டு. 31 என்ற அடுக்கே 2⁵ − 1 என்ற மெர்சென் பகா எண். இப்படி அடுக்கும் மெர்சென், எண்ணும் மெர்சென் என்று அமைந்த பகா எண்கள் இதுவரை நான்குதான் தெரியும்: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1.

இனி கணினிப் பக்கம் வருவோம். 32 பிட்டில் ஒரு பிட்டைக் குறிக்கு ஒதுக்கினால் மீதி 31. முப்பத்தொன்றும் ஒன்றாக இருக்கும் நிலைதான் 2147483647. அதோடு 1 கூட்டினால் குறிக்கான பிட்டுக்கு ஒன்று ஏறிவிடும். வழக்கமான வன்பொருள் அதை −2147483648 என்று படிக்கும். பணத்தைப் பைசாவில் சேமிக்கும் ஒரு கணக்கு மென்பொருளில் இந்த அளவு போட்டிருந்தால், 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசாவோடு கதை முடிந்தது. ஒரு தனி மனிதரின் வீட்டு விலையே இன்று அதைத் தாண்டக்கூடும்.

2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தொட்டபோது, யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியதாக அறிவித்தது. 2015-இல் இன்னும் கவலைக்குரிய ஒன்று தெரியவந்தது. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 248 நாள் இடைவிடாமல் இயங்கினால் ஒரே நேரத்தில் செயலிழக்கலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணினால் 2147483647 என்பது 248 நாளும் பதின்மூன்று மணி நேரமும்தான். ஆய்லரின் 248k + 1-இல் வந்த 248-க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 31-ஐ 8-ஆல் பெருக்கினால் வருவது அது. இது நாள் கணக்கு, தற்செயல் ஒற்றுமை.

இதில் எல்லோருக்கும் பொதுவான தேதி ஒன்று இருக்கிறது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழி வந்த கணினிகள் 1970 ஜனவரி 1 தொடங்கி நேரத்தை நொடிகளில் எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணுபவை 2147483647-ஆவது நொடியை எட்டுவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அதற்கு அடுத்த நொடியில் அவற்றின் கணக்குப்படி நாள், கிரீன்விச் நேரத்தில், 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும். 64 பிட் இயந்திரங்கள் பெருகிவிட்டதால் மேசைக் கணினியும் கைபேசியும் பெரும்பாலும் தப்பித்துவிடும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில்கூட 32 பிட் இயந்திரங்களுக்கான மாற்றம் 2020-லேயே வந்துவிட்டது. ஆபத்து இருப்பது ஒரு முறை பொருத்தி இருபது ஆண்டு திரும்பிப் பார்க்காத கருவிகளில், மீட்டர்களில், ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில். இதை வெறும் வேடிக்கைச் செய்தியாகக் கடந்துபோகக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இந்தத் தொல்லை எதற்கும் எண் பகா எண்ணாக இருப்பது காரணமில்லை. பக்கத்து எல்லைகளைப் பார்த்தாலே புரியும். 8 பிட் எல்லை 127, பகா எண். 16 பிட் எல்லை 32767, உடைத்தால் 7 × 31 × 151. 32 பிட் எல்லை பகா எண். 64 பிட் எல்லை 2⁶³ − 1, அது 7-ஆல் வகுபடும். 128 பிட்டுக்குப் போனால் லூக்காவின் 2¹²⁷ − 1, திரும்பவும் பகா எண். இந்த ஒன்றுவிட்டு ஒன்று அழகுக்குப் பின்னால் ஆழ்ந்த விதி எதுவும் இல்லை. 15-உம் 63-உம் பகு எண்கள், அவ்வளவுதான்.

ஆனால் 32 பிட்டில் கிடைத்த அந்த அதிர்ஷ்டத்தைச் சிலர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். சமவாய்ப்பு எண்களை, அதாவது தாயம் உருட்டியதுபோல் ஒழுங்கின்றித் தோன்றும் எண்களை, உருவாக்க லேமர் ஒரு வழி சொல்லியிருந்தார்: ஓர் எண்ணில் தொடங்கி, அதை ஒரு நிலையான எண்ணால் பெருக்கு, இன்னொரு நிலையான எண்ணால் வகுத்து மீதியை எடு, அந்த மீதியிலிருந்து மறுபடி தொடங்கு. 1969-இல் லூயிஸ், குட்மேன், மில்லர் மூவரும் ஐபிஎம் சிஸ்டம்/360 கணினிக்காகப் பெருக்கும் எண்ணை 16807 என்றும் வகுக்கும் எண்ணை 2147483647 என்றும் வைத்தார்கள். 1988-இல் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் (இவர் வேறொரு மில்லர்) இருவரும் இதையே குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இது இருக்கிறது.

வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பது இங்கேதான் உதவுகிறது. அதன் மடங்கல்லாத இரண்டு எண்களைப் பெருக்கினால் ஒருபோதும் அதன் மடங்கு வராது, ஆகவே மீதி பூஜ்யமாகிக் கணக்கு செத்துப்போகாது. 16807 என்பது 7⁵. ஏன் 7³ இல்லை? 2147483646-ஐ உடைத்தால் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331 என்று வரும். 7-இன் அடுக்குகளின் மீதிகள் 1 முதல் 2147483646 வரை ஒன்றுவிடாமல் எல்லா எண்களையும் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் திரும்பத் தொடங்குகின்றன. 7³-ஐ எடுத்தால், மேலே உள்ள பட்டியலில் 3 இருப்பதால், மூன்றில் ஒரு பங்கிலேயே வட்டம் மூடிவிடும். 5 அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் 7⁵ முழு வட்டத்தையும் சுற்றுகிறது.

எண் எல்லையில் நிற்பதும் இங்கே கைகொடுக்கிறது. 1-இல் தொடங்கினால் வருவது 16807, அடுத்து 282475249. அதை 16807-ஆல் பெருக்கினால் 4747561509943. இதை 2147483647-ஆல் வகுக்க நீண்ட வகுத்தல் தேவையில்லை. கீழ் 31 பிட்டைத் தனியாகவும் மேலே மிஞ்சியதைத் தனியாகவும் வெட்டி எடுங்கள்: 1622647863, 2210. இரண்டையும் கூட்டினால் 1622650073. அதுவே மீதி. வெட்டுவதும் கூட்டுவதும் கணினிக்கு மிக மலிவான வேலை. இன்றைய தேவைக்கு இந்த வட்டம் சிறியது, ரகசியம் காக்கும் வேலைகளுக்கு இதைத் தொடவே கூடாது. ஆனால் பயனற்றது என்று பார்லோ ஒதுக்கிய ஆய்வின் விளைவு, கணினிக்குள் இரண்டு தலைமுறை உழைத்திருக்கிறது.

இன்னும் ஒரு கேள்வி. 2147483647 பகா எண் என்பதால் அதையே அடுக்காக வைத்து 2²¹⁴⁷⁴⁸³⁶⁴⁷ − 1 என்று எழுதினால் அதுவும் பகா எண்ணாகுமா? அதற்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். லூக்கா, லேமர் சோதனையை இதற்குப் போட வேண்டுமானால் 200 கோடிப் படிகளுக்கு மேல் நடக்க வேண்டும், ஒவ்வொரு படியிலும் 64 கோடி இலக்க எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். அதற்கு அவசியமே இருக்கவில்லை. ஆய்லர் 62-ஐ வைத்துச் செய்த அதே வாதப்படி, இதன் காரணிகள் 4294967294-இன் ஒரு மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். மடங்குகளை வரிசையாகச் சோதித்துப் போனால் 68745-இல் பிடிபடுகிறது: 4294967294 × 68745 + 1 = 295257526626031. இது அந்தப் பிரம்மாண்ட எண்ணை மீதியில்லாமல் வகுக்கிறது. ஆகவே அது பகு எண்.